பதினான்காவது கட்டம்

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் வழக்கம்போல "நலம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் வேறு மாதிரிக் கேட்கிறேன். முதுகு வலிக்கு அந்த மருந்தைப் போடுகிறாயா, இல்லை வாங்கி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இந்தக் காலத்தில் தாளில் எழுதி, ஒட்டி, தபால்பெட்டி எண்ணுக்கு அனுப்பி, வாரம் ஒருமுறை நீ போய்ப் பூட்டைத் திறந்து எடுத்துப் படித்து... இப்படி ஓர் அக்கா வேறு யாருக்கும் வாய்த்திருக்க மாட்டாள். அடிதாங்காமல் ஓடிவந்த பெண்கள் ஒளிந்திருக்கிற வீடு, போன் உள்ளே வந்தால் புருஷன்மார் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்கிறாய். சரி, புரிகிறது. கூடப்பிறந்த தம்பிக்குக்கூட முகவரி சொல்ல மாட்டேன் என்பதுதான் கொஞ்சம் ஓவர்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறக்கட்டளை இந்த ஆண்டு பெண்களுக்காகவும் ஒதுக்கப்பட்டவர்களுக்காகவும் வேலை செய்கிற சின்ன அமைப்புகளுக்கு நிதி தருகிறது. விண்ணப்பம் இணையத்தில். படிவத்தைச் செய்தவன் நான்தான். தேர்வுக் குழுவில் எனக்கு இடமில்லை, எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன் மட்டுமே. அதனால் சிபாரிசு என்று எவனும் வாய் திறக்க முடியாது.

வீட்டுக்காரர் மூன்று வருட வாடகையை மொத்தமாகக் கொடு, இல்லாவிட்டால் மே கடைசியில் காலி செய் என்று நிற்கிறார் என எழுதியிருந்தாய். பதினோரு பெண்கள், நாலு குழந்தைகளை எங்கே கொண்டுபோவாய்? விண்ணப்பம் போடு. பிப்ரவரி 28 கடைசி நாள். யோசிக்காதே, போடு.

உடனே பதில் வேண்டும்.
தம்பி

*

ஜனவரி 27

அவசரக்காரத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மருந்து போடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைசியாகப் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

உன் படிவத்தை கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து வந்தேன். பத்தொன்பது பக்கம்! சாப்பாடு முடிந்ததும் அடுப்படித் தரையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நான் படிக்க அவர்கள் பதில் சொன்னார்கள். "உங்கள் பணியால் ஏற்படும் அளவிடத்தக்க மாற்றம் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. ரேடியோதான் சொன்னாள்.

ரேடியோவைப் பற்றி உனக்கு எழுதவில்லை அல்லவா? அக்டோபரில் வந்தவள். வாய் ஓயாது. தூக்கத்திலும் ஒலிபரப்பு உண்டு. அதனால்தான் அந்தப் பெயர். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "புதுசா வர்றவ செருப்பப் போட்டுக்கிட்டேதான் படுப்பா. எப்ப வேணா ஓடணுமேன்னு. என்னைக்குக் கழட்டி வெச்சிட்டுத் தூங்கறாளோ, அன்னிக்கு மாற்றம் வந்துடுச்சுன்னு அர்த்தம். தினம் காலைல வாசல்ல செருப்ப எண்ணுங்க, அளவு வந்துடும்." அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் குழுவுக்குப் பிடிக்குமோ என்னவோ.

பதினான்காவது கட்டத்தில்தான் நிற்கிறேன். "அமைப்பு இயங்கும் சரியான இடத்தை வரைபடத்தில் குறிக்கவும்." பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு. அதை விட்டுவிட்டு அனுப்பலாமா?

அன்புடன்
அக்கா

தம்பி சாருக்கு வணக்கம். நான்தான் ரேடியோ. அக்கா உங்கள அவசரக்காரன்னு திட்டிக்கிட்டே இருக்காங்க, ஆனா உங்க லெட்டர நாலு தடவ படிக்கறாங்க. பத்தொம்பது பக்கம் கேள்வி கேட்டீங்களே சார், என் புருஷன்கூட ஒரு ராத்திரில இவ்வளவு கேட்டதில்ல.

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நலம். சாப்பிடுகிறேன். கழுத்தெலும்பு பிறவியிலேயே அப்படி. ரேடியோவுக்குச் சொல், செருப்புப் பதிலை எங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல அறிகுறி.

நட்சத்திரம் போட்டிருந்தால் கட்டாயம் என்று பொருள். காலியாக விட்டால் எந்திரம் விண்ணப்பத்தை வாங்காது. யாரும் படிப்பதற்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏதாவது நாற்சந்தியைக் குறித்துவிடலாமா என்று கேட்பாய். கூடாது. தணிக்கையாளர் ஒத்துப்பார்த்துப் பொய் என்று கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டு தடை. எல்லாம் நான் எழுதிய விதிகள்தான், காரணத்தோடுதான் எழுதினேன். போன முறை இல்லாத அமைப்புக்கு இல்லாத முகவரி கொடுத்து மூன்று பேர் ஏமாற்றப் பார்த்தார்கள்.

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் பயம் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களின் பயம். படிவத்தில் எழுதுவது பூட்டிய அலமாரியில் வைப்பது மாதிரி. உள்ளே இருப்பதை நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மே மாதம் பதினைந்து பேர் தெருவில் நிற்பதைவிடவா இது ஆபத்து?

சென்டரில் பாதியில் கரண்ட் போகும், நீ மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். வேண்டாம். பதில்களைத் தாளில் எழுதி அனுப்பு, நான் ஏற்றிக்கொள்கிறேன். வீட்டின் படங்களும் வேண்டும். ஒழுகுகிற கூரை, இடநெருக்கடி. முகங்கள் வேண்டாம். மெமரி கார்டில் போட்டு உறைக்குள் வை.

சீக்கிரம்.
தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன்.

பதில்கள் இத்துடன். மெமரி கார்டு பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் வந்து எல்லோரையும் பார்க்கிற டாக்டரம்மா தன் போனில் எடுத்துக் கொடுத்த படங்கள். அவர் ஒருவருக்குத்தான் போனோடு உள்ளே வர அனுமதி. யார் முகமும் இல்லை. ஒரு படத்தில் மட்டும் ரேடியோவின் முழங்கை வந்திருக்கிறது. "என் கைக்கும் வாய் முளைச்சிடுச்சி" என்றாள்.

பதினான்காவது கட்டத்தில் இப்படி எழுது: "சொல்ல இயலாது. சொன்னால் இது புகலிடமாக இருக்காது." எந்திரம் ஏற்காவிட்டால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் வேறு வழி பார்க்கிறேன். இதில் தர்க்கம் வேண்டாம். உனக்கு எந்திரம் தெரியும். எனக்கு இந்த ஆண்களைத் தெரியும். எங்கள் அமைப்பின் பெயர் ஊரறிந்தது. துண்டுப் பிரசுரத்தில், ஆஸ்பத்திரிச் சுவரில், எல்லா இடத்திலும் இருக்கிறது. இடம்தான் யாருக்கும் தெரியாது. எங்களிடம் இருக்கிற ஒரே பூட்டு அதுதான்.

உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

அன்புடன்
அக்கா

சார், அக்கா இவ்ளோ கறாரா எழுதினா பயந்துடாதீங்க. காசு கெடைக்கலன்னா நானே தெருமுனைல நின்னு பேசிப் பேசிச் சம்பாதிச்சிடுவேன். நிறுத்தறதுக்கே ஜனங்க காசு குடுப்பாங்க. ரேடியோ.

*

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலம். விண்ணப்பம் போய்விட்டது. எந்திரம் ஏற்றுக்கொண்டது. பதினான்காவது கட்டத்தை நான் பார்த்துக்கொண்டேன், கவலைப்படாதே.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். முதுகைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. கிடைத்துவிட்டது!

நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களில் இருபத்தாறு. அதில் உன்னுடையது ஒன்று. மூன்று ஆண்டு. வாடகை முழுவதற்கும் போதுமான முதல் தவணை மே பத்துக்குள் வந்துவிடும். வீட்டுக்காரரின் முகத்தில் வீசு. இல்லை, வீசாதே, ரசீது வாங்கிக்கொண்டு கொடு.

தேர்வுக் குழுவின் தலைவி செருப்புப் பதிலைக் கூட்டத்தில் உரக்கப் படித்தாராம். ரேடியோவிடம் சொல். அவளுக்குச் சம்பளம் போட வேண்டும்.

மார்ச்சில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் விரிவாகப் பதில் எழுத நேரமில்லை. முடிவு நல்லபடி வந்துவிட்டதே, அது போதாதா?

தம்பி

*

மே 9

என் தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். வேறெப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பணம் வந்தது. வீட்டுக்காரரிடம் கொடுத்து மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் யாரும் வேலையே செய்யவில்லை. குழந்தைகள் மொட்டைமாடியில் ஆட்டம். காலையில் எண்ணினேன், பதினொரு ஜோடி செருப்பு. புரிகிறதா? அத்தனையும் வாசலில்.

இன்னொரு செய்தி. டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரியில் ரேடியோவுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நோயாளிகளை டோக்கன் எண் சொல்லி மைக்கில் கூப்பிட வேண்டும். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். ஒரு வாரமாக ஒத்திகை. "டோக்கன் நம்பர் ஆறு, சாம்பார் கரண்டியோட ரெண்டாம் ரூமுக்கு வரவும்." "டோக்கன் நம்பர் ஒம்போது, குளிச்சது போதும், வெளிய வரவும்." நேற்று யாரும் கவனிக்காதபோது கண்ணாடி முன்னால் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும், "அக்கா, மைக்குல பேசினா யாரும் குறுக்க பேச முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

மார்ச்சில் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. "பார்த்துக்கொண்டேன்" என்றால் என்ன? அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய்? ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்
அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்கா,

நலமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இடையில் இரண்டு கடிதம் போட்டேன். நீ பெட்டியைத் திறக்கவே இல்லையா?

முதுகு வலி அதிகமாகிப் படுத்திருக்கிறாயா? வேறு யாரையாவது அனுப்பி எடுக்கச் சொல்லலாமே.

ஒரு விஷயம். மே 22 அன்று எங்கள் தளத்தில் நிதி பெறும் அமைப்புகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். நான் வேறு வேலையாக இருந்தேன், ஜூன் 3 அன்றுதான் பார்த்தேன். பார்த்த நிமிடமே உன்னுடையதை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள்தான். அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் ஆட்களே பார்ப்பதில்லை. ஒன்றும் ஆகியிருக்காது.

ரேடியோ வேலைக்குச் சேர்ந்துவிட்டாளா? முதல் நாள் எப்படி இருந்தது என்று அவளையே எழுதச் சொல்.

தயவுசெய்து பதில் போடு.
தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு,

பத்து பெண்களும் நாலு குழந்தைகளும் நலம். நானும் நலம்.

மே 29 காலை ஏழு மணிக்கு ஒரு பார்சல் வண்டி வந்து எதிரே நின்றது. ரேடியோவின் புருஷன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். இறங்கினான். குடித்திருக்கவில்லை. கத்தவில்லை. வண்டியிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து விரித்து, கேட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.

மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அழுதான். "என் பொண்டாட்டிய உள்ள அடச்சி வெச்சிருக்காங்கண்ணா. நான் ஒண்ணும் கேக்கல, அவள ஒரு தடவ பாத்தாப் போதும்." பக்கத்து வீட்டம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். போலீஸ் வந்து, குடும்ப விஷயம், அவன் தெருவில்தானே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனது. இரண்டாம் நாள் கூட்டம் சேர்ந்தது. அது என்ன வீடு, உள்ளே யார் யார் என்று பேச்சு. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, குழந்தைகளைப் பின்னறையில் வைத்திருந்தேன். அன்று இரவு எல்லோரும் செருப்போடு படுத்தார்கள்.

இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்கப் போனேன். தன் போனில் அவனே காட்டினான், பெருமையாக. "அமைப்பு பேரப் போட்டேன், மேப்புலயே வந்துடுச்சி." அந்தப் பக்கத்தின் மேல்பாகத்தில் உன் ஆபீஸ் சின்னம் இருந்தது. உன் அடையாள அட்டையில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரேடியோ என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவன் அங்க இருக்கற வரைக்கும் எல்லாரும் இங்கயேதான் பாப்பாங்க. இன்னிக்கி ஒருத்தன் எடுத்த படம் நாளைக்கி எவன் போனுக்குப் போகும்னு தெரியாது. மாடி ரூம்காரியோட புருஷன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்கே தெரியும். இவன் கேக்கறது என்னை மட்டுந்தான்."

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கையைப் பிடித்தேன். ராத்திரியோடு வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"நான் இல்லைன்னு தெரிஞ்சா உள்ள பூந்து தேடுவான்க்கா. நான் வெளிய போறத எல்லாரும் பாக்கணும். அப்பத்தான் கூட்டம் கலையும்" என்றாள். பிறகு, "டாக்டரம்மாகிட்ட சாரி சொல்லிடுங்க" என்றாள்.

அவள் வெளியே வந்ததும் அவன் எழுந்து நாற்காலியை மடக்கி வண்டிக்குள் வைத்தான். அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

ஐந்து நாளில் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினோம். நீ வாங்கிக் கொடுத்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

பதினான்காவது கட்டத்தில் என்ன எழுதினாய்?

அக்கா

*

ஜூலை 20

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. அதனால் நேராக எழுதுகிறேன்.

பிப்ரவரி 28 மதியம் மூன்று மணிக்கு நீ சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். எந்திரம் வாங்கவில்லை, வாங்காது என்று எனக்குத் தெரியும். அப்போது டாக்டரம்மா எடுத்த கூரைப் படம் திறந்திருந்தது. போனில் எடுக்கிற படத்துக்குள் எடுத்த இடம் எண்களாகப் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரியும். நான் பார்த்தேன். அந்த எண்களைப் பதினான்காவது கட்டத்தில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்தத் தாள் என் மேசையில்தான் இருந்தது. எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். உன் நன்மைக்காக என்று எழுதலாம். முழு உண்மை அது இல்லை. நான் செய்த எந்திரம் உன்னைத் திருப்பி அனுப்புவதை என்னால் தாங்க முடியவில்லை. எந்திரத்தைத் திருத்தியிருக்கலாம். அது இரண்டு மணி நேர வேலை, மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும், விளக்க வேண்டும். பொய்யில்லாத எண்ணை நிரப்புவது சுலபமாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. அந்த வரைபடப் பக்கத்தை எழுதியவனும் நான்தான், போன ஆண்டு. தேர்வான எல்லா அமைப்புகளையும் பதினான்காவது கட்டத்திலிருந்து எடுத்து வரைபடத்தில் குறி என்று எழுதி வைத்தேன். பள்ளிக்கூடங்களையும் பயிற்சி நிலையங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. உனக்குப் பூட்டிய அலமாரி என்று எழுதியபோது அது நினைவிலேயே இல்லை. மார்ச்சில் நீ கேட்டபோது சொல்லியிருந்தால் நீ அன்றே எடுக்கச் சொல்லியிருப்பாய். எடுத்திருப்பேன். சொல்லவில்லை.

அவன் முகவரியை என்னால் கண்டுபிடிக்க முடியும். போய் அவளைக் கூட்டிவரட்டுமா? வக்கீல் வைக்கட்டுமா? என்ன செய்ய வேண்டும் என்று சொல். எதுவானாலும் செய்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நலம். நீ சாப்பிடாமல் கிடக்காதே. அதனால் யாருக்கும் லாபமில்லை.

உண்மையை எழுதினாய். அதற்கு நன்றி. தெரிந்துதான் கேட்டேன், உன் கையால் எழுதி வரவேண்டும் என்று.

நீ அங்கே போகாதே. டாக்டரம்மாவும் எங்கள் பெண்களின் வழக்குகளைப் பார்க்கிற வக்கீலம்மாவும் சேர்ந்து மகளிர் போலீஸை அனுப்பினார்கள். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தானாம். "நான் நல்லாத்தான் இருக்கேன், போங்க" என்றாளாம். நாலு வார்த்தை. ரேடியோ நாலு வார்த்தை பேசினாள் என்று அந்தப் போலீஸ்காரி சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. மறுவாரம் போனபோது வீடு பூட்டியிருந்தது. வேறிடம் போய்விட்டார்களாம். எங்கே என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த வழியில் தேடுகிறோம். உன் வழியில் வேண்டாம். நீ தேடுவது அவன் கண்ணில் பட்டால் அடி அவளுக்குத்தான் விழும்.

இந்தத் தபால்பெட்டி ஆகஸ்ட் 31 வரைதான். புதிதாக எடுத்திருக்கிற பெட்டியின் எண்ணை உனக்குத் தரப்போவதில்லை. இங்கே பத்து பேரிடமும் கேட்டேன். இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள். மாடி ரூம்காரி எழுந்து போய்விட்டாள். நான் அவள் பக்கம் நிற்கிறேன். உன் அக்காவாக மட்டும் இருந்தால் கொடுத்திருப்பேன். இந்த வீட்டுக்கு நான் வேறு ஆள்.

நீ கெட்டவன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

எங்களை மாதிரி வேறு வீடுகளில் இருப்பவர்களும் உன் படிவத்தை நிரப்பியிருப்பார்கள். வேறு வழியில்லாமல் நட்சத்திரத்துக்குப் பயந்து உண்மையான இடத்தைக் கொடுத்திருப்பார்கள். அவர்களுடையதையும் எடுத்தாயா, என்னுடையதை மட்டும்தானா? ஜூன் 30 கடிதத்தில் "உன்னுடையதை எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையில்தான் நின்றுவிட்டேன். மன்னிப்பை என்னிடம் கேட்காதே. அவர்களைப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

இது 31க்குள் பெட்டிக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். நீ முதுகைப் பார்த்துக்கொள், மருந்து தீர்ந்தால் வாங்கு.

உன்னுடையதை மட்டும்தான் எடுத்திருந்தேன். நீ கேட்கும் வரை மற்றவர்கள் என் நினைவுக்கு வரவில்லை. உன் கடிதம் வந்த அன்று போய்ப் பார்த்தேன். இருபத்தாறில் இன்னும் ஏழு, இப்படிப்பட்ட வீடுகள். மே 22லிருந்து வரைபடத்தில் குத்தி நின்றுகொண்டிருந்தன. அன்று மாலையே பக்கம் முழுவதையும் இறக்கினேன். மேலாளர் "யாரும் புகார் குடுக்கலையே, எதுக்கு இவ்ளோ பதட்டம்?" என்றார். உன் ஜூலை 12 கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். படித்தார். பதினான்காவது கட்டத்தைப் படிவத்திலிருந்து நீக்கியாகிவிட்டது. தலைமைக்கு நான் செய்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுதுவதும் அசிங்கமாக இருக்கிறது.

ஏழு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். என்ன நடந்தது, எவ்வளவு நாள் இருந்தது, யார் தவறு என்று சொன்னேன்.

முதல் வீட்டம்மா சரி என்று வைத்துவிட்டார். இரண்டாவதில் என்னைத் திட்டினார்கள், முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீடு ஜூலையிலேயே இடம் மாறிவிட்டது. "ஒரு ஆளு வந்து நின்னான். எப்படித் தெரிஞ்சதுன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டோம். எங்களுக்குள்ளயே ஒருத்திதான் சொல்லியிருப்பான்னு அந்தப் பொண்ண வெளிய அனுப்பிட்டோமே தம்பி" என்றார். அந்தப் பெண் சொல்லவில்லை, நான்தான் என்று மறுபடி மறுபடி சொன்னேன். அவளை எங்கே தேடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. நான்கும் ஐந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள், ஆனாலும் மாறப்போகிறார்கள். ஆறாவதில் ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க யாரு?" என்றாள். படிவத்தைச் செய்தவன் என்றேன். "பேரு?" என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

ஏழாவது வீட்டில் மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. ஐந்து நாளாகக் காலை, மத்தியானம், மாலை என்று அடிக்கிறேன். எண் துண்டிக்கப்படவில்லை, அடிக்கத்தான் செய்கிறது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. நேரில் போகலாம், இடம் எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆண் அந்த வாசலில் போய் நிற்பதா என்று யோசிக்கிறேன். மகளிர் போலீஸுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

அக்கா, நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். பதில் வராது என்று தெரியும். அது சரிதான்.

இப்போதும் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அடிக்கிறது.

தம்பி